உப்பை நம்பிய டாக்டர்



உங்கள் வீட்டு உப்புப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 'அயோடின் கலந்த உப்பு' என்று அச்சிட்டிருக்கும். உப்பில் எதற்கு அயோடின்? இதற்கு நம் நாட்டு மக்களிடையே ஆராய்ந்து விடை கண்டவர்தான் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி.

இவர் 1921ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் தேதி ஆந்திராவிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் பிறந்தார். விசாகப்பட்டினத்தில் மருத்துவம் படித்தார். 1947இல் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். ஏழைகளின் உணவில் எந்தச் சத்து குறைகிறது, அதனால் என்ன நோய் வருகிறது என்று தேடுவதே அவருடைய வேலை.

அந்தத் தேடல் அவரை இமயமலை அடிவாரத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே பலருக்குக் கழுத்தின் முன்புறம் வீங்கியிருந்தது. சிலருக்கு எலுமிச்சம்பழம் அளவு. சிலருக்கு அதைவிடப் பெரியது. இதைக் 'கழுத்துக் கழலை' என்பார்கள். அதைவிடப் பெரிய துயரம் ஒன்றும் இருந்தது. சில குழந்தைகள் பிறவியிலேயே காது கேளாமலும், பேச்சு வராமலும், அறிவு வளர்ச்சி குன்றியும் இருந்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? நம் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் ஹார்மோன்தான் மூளை வளர உதவுகிறது. அதைச் சுரக்க அயோடின் வேண்டும். மலையில் மழையும் பனியும் மண்ணிலிருந்த அயோடினை அரித்துக்கொண்டு போய்விட்டன. அந்த மண்ணில் விளைந்த தானியத்திலும் காயிலும் அது போதுமான அளவு இல்லை. கிடைக்காத அயோடினைத் தேடித் தேடியே தைராய்டு வீங்கியது.

எங்கள் களம்பூர்ப் பக்கம் பட்டு நெய்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாவு ஓட்டும்போது இழை அறுந்தால் உடனே பிணைத்துவிடுவார்கள். கவனிக்காமல் நெய்துவிட்டால், சேலையில் அந்தக் குறை நின்றுவிடும். மூளையும் அப்படித்தான். தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் இழைகள் ஓடத் தொடங்குகின்றன. முதல் சில மாதங்கள் குழந்தை தாயின் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. அப்போது தவறியதைப் பிறகு முழுவதும் சரிசெய்ய முடியாது.

சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் 1920களிலேயே உப்பில் அயோடின் கலந்து பார்த்திருந்தார்கள். நம் ஊரிலும் அது பலிக்குமா? 1956இல், இன்று இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் காங்க்ரா பள்ளத்தாக்கில் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் சோதனையைத் தொடங்கினார்கள். சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் உப்பு. ஒன்றுக்குச் சாதாரண உப்பு.

ஆறு ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்குக் கழலை இருந்தது. அயோடின் உப்பு சாப்பிட்ட பகுதிகளில் அது பாதியாகவும், பாதிக்குக் கீழாகவும் குறைந்தது. சாதாரண உப்பு சாப்பிட்ட பகுதியிலோ குறையவே இல்லை! விடை தெரிந்ததும், 1962இல் அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். அங்கேயும் கழலை குறைந்தது.

அதே 1962இல் மத்திய அரசு தேசியக் கழலை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டம்தான் வளர்ந்து இன்று நம் வீட்டுச் சமையலறை வரை வந்திருக்கிறது.

ராமலிங்கசுவாமி டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார். 1971இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 2001 மே 28இல் மறைந்தார்.

குழந்தைகளே, அந்த மலைக் கிராமத்துப் பிள்ளைகள் மந்தமாக இருந்தது அவர்கள் குற்றமா? பெற்ற தாயின் குற்றமா? இல்லை, ஒரு சிட்டிகைச் சத்து கிடைக்காததுதான் காரணம். ஆகவே, படிப்பு சீக்கிரம் வராத யாரையும் 'மக்கு' என்று கேலி செய்யாதீர்கள். காரணம் என்னவென்று தேடுங்கள். அந்த டாக்டர் செய்ததும் அதைத்தானே!

இன்னொரு வேலையும் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லி, உப்பை ஈரம் படாமல் மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் அதிலுள்ள அயோடின் குறைந்துவிடும்!