லேட்டாக எழும் தத்துவ மேதைக்கு அதிகாலை 5 மணி வகுப்பு... தூக்க ஹார்மோன் சுரக்கும் இடத்தைத் தொட்ட டெகார்ட்டின் கதை!

ஊட்டியை அடுத்த இத்தலார் பக்கம் கேரட் அறுவடை என்றால், ஊர் தூங்கும்போதே வேலை ஆரம்பிச்சிடும். ஸ்வெட்டரும் குல்லாவுமாக இருட்டில் கிளம்புறவங்க உடம்பு, இன்னும் ராத்திரி என்றே நம்பிக்கொண்டிருக்கும். காரணம் மெலடோனின். இருட்டினால் சுரக்கும், வெளிச்சம் வந்தால் குறையும் ஹார்மோன். இது உடம்பில் எங்கே உருவாகிறது?

ஹார்மோன் என்ற சொல்லே இல்லாத காலத்தில், வேறு எதையோ தேடிப்போய் அந்த இடத்தில் கை வைத்தவர் ரெனே டெகார்ட்.

1596 மார்ச் 31-ல் பிரான்ஸில் பிறந்தார். அடுத்த ஆண்டே தாய் இறந்துவிட்டார். நோஞ்சான் பிள்ளை என்பதால், காலையில் லேட்டாக எழ பள்ளியில் அவருக்கு மட்டும் அனுமதி. அந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை. படுக்கையில் கிடந்தபடியே யோசிப்பதுதான் அவர் வேலை. கணக்கு வகுப்பில் எக்ஸ், ஒய் கோடு போட்டு கிராஃப் வரைகிறோமே, அதற்கு அடித்தளம் போட்டதும் இவர்தான்.

கறிக்கடையில் தத்துவ மேதை

1628-ல் நெதர்லாந்துக்குக் குடிபோனார். ஆம்ஸ்டர்டாமில் கறிக்கடைக்குப் போய் விலங்குகள் அறுபடுவதைப் பார்ப்பார். உறுப்புகளை வீட்டுக்கு வரவழைத்து அறுத்து ஆராய்வார். மூளையில் மற்றதெல்லாம் வலது, இடது என ஜோடியாக இருக்க, நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் தனியாக இருப்பதாக அவருக்குப் பட்டது. அதுதான் பீனியல் சுரப்பி. மனுஷனுக்கு அரிசி மணி அளவுதான் இருக்கும். உயிர் குடியிருக்கும் இடம் இதுதான் என்று டெகார்ட் முடிவு கட்டினார்.

தப்புதான். அவர் இறந்து 15 ஆண்டுகளில், 1665-ல் டென்மார்க்கின் ஸ்டென்சன் அந்தக் கருத்தை உடைத்துவிட்டார். ஆனால் இடம் சாதாரணமானது இல்லை. 1958-ல் அமெரிக்க தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் குழு மெலடோனினைப் பிரித்தெடுத்தது மாட்டின் பீனியல் சுரப்பியில் இருந்து. இவர்களுக்கும் கறிக்கூடம்தான் கை கொடுத்தது!

மாடு, ஆடு, நாம் எல்லோருக்கும் இருட்டு, வெளிச்சம் பற்றிய தகவலை இந்தச் சுரப்பிக்கு அனுப்புவது கண். பறவைகளுக்கு மண்டை ஓட்டைத் தாண்டி வரும் வெளிச்சத்தைச் சுரப்பியே உணரும். நம்ம ஓணானுக்கு இன்னும் விசேஷம். உச்சந்தலையில் வெளிச்சத்தை உணரும் குட்டி 'மூன்றாவது கண்' உண்டு. விழித்திரை, குடல் போன்ற இடங்களிலும் மெலடோனின் உருவாகிறது. ஆனா ராத்திரி ரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் பீனியல் சரக்குதான்.

உயிரைப் பறித்ததா அதிகாலை?

1649-ல் சுவீடன் ராணி கிறிஸ்டினா தத்துவம் கற்க டெகார்ட்டை அழைத்தார். வகுப்பு நேரம் காலை 5 மணி. ஸ்டாக்ஹோமில் ஜனவரியில் சூரியன் உதிக்கவே எட்டு மணி தாண்டிவிடும். வாழ்நாள் முழுக்க லேட்டாக எழுந்த மனுஷன், அந்தக் குளிரில் இருட்டோடு அரண்மனைக்குப் போனார். சில வாரங்களில் நிமோனியா. 1650 பிப்ரவரி 11-ல், 53 வயதில் இறந்தார். நிமோனியா கிருமியால் வருவது, எனவே 5 மணி வகுப்புதான் கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் உடம்பு நள்ளிரவு என்று நினைத்த நேரத்தில்தான் வகுப்புக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

1666-ல் அவரது உடல் எச்சங்கள் பிரான்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டன. மண்டை ஓடு மட்டும் தனியாகப் பிரிந்து, பல கைகள் மாறியது. அவருடையது என்று நம்பப்படும் அந்த மண்டை ஓடு இன்று பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.