லெப்பாந்து கடலின் இளந்தளபதி

ஆண்டுதோறும் அக்டோபர் 7-ஆம் நாள் செபமாலை மாதா திருநாளைக் கொண்டாடி வருகிறோம். இத்திருநாள் தோன்றக் காரணமான கடற்போரில் தலைமை தாங்கிய இளைஞரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டோம். அவரே ஆஸ்திரியாவின் டான் ஜான்.

பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கு முறையான திருமணத்தின்றி 1547-ல் ஜெர்மனியில் பிறந்தவர் இவர். தகப்பன் யாரென்று அறியாமலே, ஸ்பெயினில் ஒரு பிரபுவின் இல்லத்தில் வளர்ந்தார். பிரபுவின் மனைவி மதலேனா அம்மையார் பிள்ளையற்றவர். இவரைத் தம் வயிற்றில் பிறந்த மகனாகவே பாவித்து, செபத்தையும் ஏழைகள் மேல் இரக்கத்தையும் ஊட்டி வளர்த்தார். 1559-ல் மன்னர் இரண்டாம் பிலிப் இவரைத் தம் தம்பியென ஏற்றுக்கொண்ட பின்னரே பிறப்பின் உண்மை வெளிப்பட்டது.

இவரைக் குருவாக்க வேண்டுமென்பது தகப்பனாரின் விருப்பம். இவர் மனமோ கடலையும் படையையும் நாடியது. கிரானடா மலைநாட்டில் எழுந்த கலகத்தை அடக்க அனுப்பப்பட்டார். அங்கே 1570-ல் கலேரா என்னும் ஊர் பிடிபட்டபோது பெண்களும் சிறுவரும் கூட வெட்டுண்டனர். இது அவர் வாழ்வில் படிந்த கறை, மறைப்பதற்கில்லை.

1571-ல் சைப்பிரஸ் தீவு துருக்கியர் வசமாயிற்று. பாப்பரசர் புனித ஐந்தாம் பத்திநாதர், ஒருவரையொருவர் நம்பாத ஸ்பெயினையும் வெனிசையும் அரும்பாடுபட்டு ஒன்றுசேர்த்தார். கூட்டுக் கடற்படைக்குத் தளபதியானபோது டான் ஜானுக்கு வயது 24.

அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. கிரேக்க நாட்டின் லெப்பாந்து அருகே, இரு பக்கமும் இருநூறுக்கு மேற்பட்ட துடுப்புக் கப்பல்கள் எதிரெதிரே நின்றன. டான் ஜான் பாடுபட்ட சுரூபத்தைக் கையிலேந்தி, சிறு படகில் ஏறிக் கப்பல் கப்பலாகச் சென்று வீரர்களைத் திடப்படுத்தினார். அதே நாளில் உரோமையில் செபமாலை சபையினர் பவனி சென்று மன்றாடிக்கொண்டிருந்தனர். மாலைக்குள் துருக்கியர் படை சிதறியது. அதன் தளபதி அலி பாஷா மாண்டார். கூட்டணியிலும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர்துறந்தனர். ஆனால் துருக்கியக் கப்பல்களில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் துடுப்பு வலித்த ஏறத்தாழ 12,000 கிறிஸ்தவ அடிமைகள் விடுதலை பெற்றனர். சிறைப்பட்ட அலி பாஷாவின் மக்களை டான் ஜான் கண்ணியமாக நடத்தினார். அவர்களுள் உயிரோடிருந்தவனைப் பணயம் பெறாமலே பரிசுகளோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

வெற்றியின் புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. துருக்கியர் ஓராண்டுக்குள் புதுக் கடற்படை கட்டினர். 1573-ல் வெனிஸ் தனியே சமாதானம் செய்து சைப்பிரசைக் கைவிட்டது. அதே ஆண்டு டான் ஜான் பிடித்த டூனிஸ் மறு ஆண்டே கைநழுவியது. பின்னர் நெதர்லாந்தின் ஆளுநராக அனுப்பப்பட்டார். மன்னரின் உதவி போதிய அளவு வராமல், காய்ச்சலால் நலிந்து, 1578 அக்டோபர் 1-ஆம் நாள் நமூர் நகரருகே பாசறையில் உயிர்நீத்தார். ஐரோப்பா முழுதும் கொண்டாடிய தளபதி கண்மூடியது ஓர் எளிய புறாக்கூண்டுக் குடிலில்தான்.

அப்படியானால் நிலைத்து நின்றது எது? வெற்றிக்கு நன்றியாகப் பத்திநாதர் ஏற்படுத்திய வெற்றி மாதா நினைவு, 1573-ல் செபமாலை மாதா திருநாளாயிற்று. லெப்பாந்தில் கைப்பற்றிய துருக்கியக் கொடியொன்றைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1965-ல் துருக்கிக்கே திருப்பிக் கொடுத்தார். பகை ஓய்ந்தது, செபமோ ஓயவில்லை.

யூபிலி காணும் பங்கு மக்களாகிய நாம் இதை மனத்தில் இருத்துவோம். கோயிலைக் கட்டியவர்களின் பெயர் கல்லில் இருக்கலாம். ஆனால் மாலைதோறும் வீட்டில் விளக்கேற்றி, பிள்ளைகளை முழந்தாளிடச் செய்து செபமாலை சொன்ன தாய்மாரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பங்கைத் தாங்கி நிற்பது அவர்களுடைய செபமே. அந்தச் செபமாலை நம் இல்லங்களில் அறுபடாதிருக்கட்டும்.