ஒரு மலையில் உலகைக் கண்டவர்

நிலநடுக்கோட்டுப் பகுதியில் வெப்பம் மிகுதி என்பது நாம் பள்ளியில் படித்த பாடம். ஆனால் அக்கோட்டிற்கு அருகிலேயே நிற்கும் சிம்பராசோ மலையின் முடியில் என்றும் பனி மூடிக் கிடக்கிறது. அம்மலையைப் படித்து, தாவரங்களுக்கும் தட்பவெப்பத்திற்கும் உள்ள உறவை உலகிற்கு விளக்கியவர் அலெக்சாந்தர் வான் ஹம்போல்ட் ஆவார்.

இவர் 1769-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-இல் பெர்லினில் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். சுரங்கவியல் பயின்று அரசு அதிகாரியானார். 1796-இல் அன்னையும் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வத்தைக் கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கலாம். இவரோ பதவியைத் துறந்து, 1799-இல் பான்ப்ளான் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாருடன் தென் அமெரிக்காவிற்குக் கப்பலேறினார்.

1800-இல் வெனிசுவேலா நாட்டின் வலென்சியா ஏரியைக் கண்டார். நீர்மட்டம் ஆண்டுதோறும் தாழ்வது கண்டு மக்கள் கலங்கியிருந்தனர். சுற்றியிருந்த காடுகளை அழித்ததும், ஓடைகளைப் பாசனத்திற்குத் திருப்பியதுமே காரணம் என்று ஹம்போல்ட் கண்டறிந்தார். மரமில்லாச் சரிவில் மழைநீர் நிலத்தில் ஊறாமல், மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும் என்பதையும் எடுத்துரைத்தார்.

1802 சூன் 23-இல் சிம்பராசோவில் ஏறினார். மூச்சுத் திணறியது, ஈறுகளில் குருதி கசிந்தது. ஏறத்தாழ 5,800 மீட்டர் உயரத்தில் பெரும்பிளவு ஒன்று வழிமறிக்க, சிகரத்தைத் தொடாமலே திரும்பினார். ஆயினும் அப்பயணம் வீணாகவில்லை. அந்நாட்டு மலைகளின் அடியில் பனைகள், மேலே மரப்பெரணிகள், பின்னர்ப் புதர்கள், புல்வெளி, பாறைப் பாசிகள், முடிவில் பனி என்று தாவரங்கள் படிப்படியாக மாறுவதை அவர் கண்டார். நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை பரந்துள்ள தாவர மண்டலங்கள் ஒரே மலையில் அடுக்கப்பட்டிருந்தன! இதனை 1807-இல் படத்துடன் நூலாக வெளியிட்டார். 1817-இல், சம சராசரி வெப்பமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துப் புதுவகை வரைபடம் தந்தார். தட்பவெப்ப மண்டலங்களை வகுக்க அது வழிகாட்டியது.

இமயத்தையும் ஆராய விரும்பினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி கிட்டவில்லை. பயணத்திலும் நூல் வெளியீட்டிலும் செல்வம் கரைந்தது. பிற்காலத்தில் அரசர் அளித்த ஊதியத்தை நம்பியே வாழ்ந்தார். 1859 மே 6-இல், தம் 89-ஆம் வயதில் மறைந்தார்.

சூழலியல் என்னும் துறைக்குப் பெயர் கிடைத்ததோ 1866-இல்தான். பெயரில்லாத காலத்திலேயே அதற்கு வித்திட்டவர் ஹம்போல்ட். ஏரி வற்றினால் வானத்தை மட்டும் நோகாமல், கரையில் நின்ற மரங்கள் எங்கே என்று கேட்க நமக்குக் கற்றுத் தந்தவரும் அவரே.