இரு விரல்களின் இசை

நுழையும்முன்

இசைக்கருவி ஒன்றைக் கற்க விரும்புவோர் பலர். அதனுடன் நாள்தோறும் அமர்ந்து பழகுவோர் சிலரே. விரல் வலிக்கும் தொடக்க நாள்களைக் கடந்து, வாசித்ததையே மீண்டும் மீண்டும் வாசிக்கும் பொறுமை உடையவருக்கே கருவி வசப்படுகிறது. பதினெட்டு வயதில் நேர்ந்த தீவிபத்தால் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னரும், அதே கையைக் கொண்டு கிதார் இசையில் புதியதொரு நெறியை உருவாக்கியவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

கூண்டுவண்டியில் ஓர் இளமை

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஊர்விட்டு ஊர் சென்று வாழ்ந்த மக்கள் ரோமா இனத்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்பதை மொழியியல் ஆய்வுகள் காட்டுகின்றன. இவர்களுள் பிரெஞ்சு மொழி வழங்கும் நிலப்பகுதிகளில் வாழ்வோர் மனூஷ் எனப்படுவர். குதிரைகள் இழுக்கும் கூண்டுவண்டியே அவர்களுக்கு வீடு. இசை அவர்களுக்குப் பொழுதுபோக்காகவும் பிழைப்பாகவும் இருந்தது.

அத்தகைய குடும்பம் ஒன்றில் 1910 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆம் நாள், பெல்ஜியம் நாட்டின் லிபர்ஷி என்னும் சிற்றூரில் ஜாங்கோ பிறந்தார். பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர் ழான் ரைன்ஹார்ட். ஜாங்கோ என்பது அவருடைய மக்கள் இட்டு வழங்கிய பெயர். ரோமானி மொழியில் அதற்கு 'விழித்தெழுகிறேன்' என்று பொருள் கூறுவர். தந்தையும் இசைஞரே. முதல் உலகப் போரின் காலத்தில் பல இடங்களில் அலைந்த குடும்பம், பின்னர் பாரிஸ் நகரின் எல்லைப்புறத்தில் தங்கியது. பழைய கோட்டைமதிலுக்கு வெளியே, கூண்டுவண்டிகளும் குடிசைகளும் நெருங்கிக் கிடந்த அந்தப் பகுதியில்தான் ஜாங்கோவும் அவருடைய தம்பி ஜோசப்பும் வளர்ந்தார்கள்.

ஜாங்கோ பள்ளிக்கல்வி பெறவில்லை. இசையை எழுதும் குறியீடுகளையும் அவர் கற்கவில்லை. பன்னிரண்டு வயதளவில் அவர் கைக்குப் பாஞ்சோ வகைக் கருவி ஒன்று வந்து சேர்ந்தது. பாஞ்சோவின் வட்ட உடலும் கிதாரின் ஆறு தந்திகளும் கொண்ட அந்தக் கருவியே அவருக்குப் பள்ளியாயிற்று. பெரியவர்கள் வாசிக்கும்போது அவர்களின் விரல்கள் எங்கே அழுந்துகின்றன என்பதைக் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, தாமே வாசித்துப் பார்த்துக் கற்றார். பதின்பருவத்திலேயே பாரிஸின் நடனக்கூடங்களில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கமாக வாசித்துப் பொருளீட்டத் தொடங்கினார்.

1928 ஆம் ஆண்டில் அவருடைய வாசிப்பு முதன்முதலாக இசைத்தட்டில் பதிவாயிற்று. தம் பெயரை எழுத அறியாத அவ்விளைஞரின் பெயர் அத்தட்டில் பிழையாகவே அச்சிடப்பட்டது. ஆயினும் அவர் புகழ் நடனக்கூடங்களைக் கடந்து பரவியது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவரான ஜாக் ஹில்டன், அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொள்ள முன்வந்தார். நல்வாழ்வின் வாயில் திறந்துவிட்டதாகத் தோன்றிய வேளை அது.

தீயின் இரவு

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஓரிரவு, வாசிப்பு முடிந்து ஜாங்கோ தம் கூண்டுவண்டிக்குத் திரும்பினார். அவருடைய இளம் மனைவி, விற்பனைக்காகச் செல்லுலாய்டினால் செய்த பூக்களை வண்டிக்குள் நிறைத்து வைத்திருந்தார். செல்லுலாய்டு மிக எளிதில் தீப்பற்றும் பொருள். மெழுகுவர்த்தியின் சுடர் அதில் பட்ட சிறு பொழுதில் வண்டி முழுவதும் தீப்பிழம்பாயிற்று. போர்வையால் உடலை மறைத்துக்கொண்டு ஜாங்கோ வெளியேறினார். மனைவியும் உயிர் தப்பினார். ஆனால் போர்வையைப் பற்றியிருந்த இடக்கையும், வலக்காலும் கடுமையாக வெந்துபோயின.

காலை நீக்கிவிட வேண்டும் என மருத்துவர்கள் கருதினர். ஜாங்கோ அதற்கு உடன்படவில்லை. நீண்ட சிகிச்சைக்குப் பின் கால் பிழைத்தது. கையின் நிலைமை வேறு. இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்நோக்கி வளைந்து விறைத்துவிட்டன. அவை இனி ஒருபோதும் முன்போல் இயங்கப் போவதில்லை என்பது தெளிவாயிற்று. லண்டனுக்குச் செல்லும் வாய்ப்பும் கைநழுவியது.

கிதார் வாசிப்பவருக்கு இவ்விழப்பின் பொருள் என்ன என்பதை அறிய, அக்கருவியின் அமைப்பை நோக்க வேண்டும். வீணையில் உள்ளதுபோல் கிதாரின் கழுத்துப் பகுதியிலும் மெட்டுகள் உண்டு. வலக்கை தந்திகளை மீட்ட, இடக்கையின் நான்கு விரல்கள் மெட்டுகளுக்கு இடையே தந்திகளை அழுத்திச் சுரங்களை உண்டாக்குகின்றன. விரலுக்கு ஒரு மெட்டு என நான்கு விரல்களும் பங்கிட்டுக்கொள்வதாலேயே கை அதிகம் நகராமல் விரைந்து வாசிக்க முடிகிறது. பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் சுரக்கூட்டுகள் பலவற்றுக்கோ மூன்று அல்லது நான்கு விரல்கள் ஒருசேரத் தேவை. அவற்றுள் இரண்டு போய்விட்டால் அதுவரை கற்ற விரல்முறைகளில் பெரும்பகுதி பயனற்றதாகிவிடும்.

மீண்டும் முதல் சுரத்திலிருந்து

மருத்துவமனையிலும் பின்னர் ஓய்விடத்திலுமாக ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் கழிந்தன. தம்பி ஜோசப் ஒரு கிதாரைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தார். படுக்கையில் இருந்தபடியே ஜாங்கோ மீண்டும் கற்கத் தொடங்கினார்.

தாம் ஏற்கெனவே நன்கறிந்த கலையைத் தொடக்கநிலை மாணவரைப்போல மறுபடி பயில்வது எளிதன்று. காது பழைய வேகத்தைக் கேட்கும். கை அதைத் தர மறுக்கும். அந்த இடைவெளியைக் கடக்க அவருக்கு வழிகாட்ட நூலும் இல்லை, ஆசிரியரும் இல்லை. இரு விரல்களால் கிதார் வாசிப்பது எவ்வாறு என்பதை அவருக்கு எடுத்துக்காட்டுவார் எவருமில்லை. கையே அதைக் கண்டறிய வேண்டியிருந்தது. ஒரு சுரவரிசையை ஒருவகையில் வாசித்துப் பார்ப்பது, இயலவில்லை எனில் வேறிடத்தில் விரலை வைத்துப் பார்ப்பது, இயன்றதை விரலுக்குப் பழக்கமாகும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பது என்பதன்றி வேறு வழி இல்லை. நம் இசைமரபில் இதனையே சாதகம் என்கிறோம்.

அந்தச் சாதகத்தின் பயன் அவர் பின்னாளில் வாசித்த முறையில் வெளிப்பட்டது. நான்கு விரல்கள் உடையோர் தந்திகளின் குறுக்கே ஒரே இடத்தில் வாசிக்கும் சுரங்களை, அவர் கழுத்துப் பகுதியின் நீளவாக்கில் கையை விரைந்து நகர்த்தி வாசித்தார். சுட்டுவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொடர்ந்து கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் ஓடின. வளைந்துபோன இரு விரல்களையும் அவர் முற்றாக ஒதுக்கிவிடவில்லை. சுரக்கூட்டுகளை வாசிக்கும்போது மெல்லிய தந்திகளின்மேல் அவற்றைப் பொருத்தி அழுத்தினார். தடித்த தந்தியை அழுத்தக் கழுத்துக்கு மேலாகக் கட்டைவிரலை வளைத்துக் கொண்டுவந்தார்.

இவ்வாறு உருவான சுரக்கூட்டுகள் பிறர் வாசிப்பவற்றைப் போன்று இருக்கவில்லை. சில சுரங்கள் விடுபட்டன. சில சுரங்கள் எதிர்பாராத வகையில் இணைந்தன. கேட்போருக்கு அவை புதுமையாக ஒலித்தன. பயிற்சி அவருடைய விரல்களைக் குணப்படுத்தவில்லை. எஞ்சிய விரல்களில் எத்துணை இசை இருக்கிறது என்பதை அவருக்கு அறிவித்தது.

தந்திகளால் அமைந்த குழு

1931 ஆம் ஆண்டில் பிரான்சின் தென்பகுதியில் உள்ள தூலோன் நகரில், ஓவியரும் ஒளிப்படக் கலைஞருமான எமீல் சாவித்ரியின் நட்பு ஜாங்கோவுக்குக் கிடைத்தது. அவர் வைத்திருந்த அமெரிக்க இசைத்தட்டுகளில் லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன் முதலியோரின் ஜாஸ் இசையை ஜாங்கோ கேட்டார். எழுதிவைத்ததை அப்படியே வாசிக்காமல், அடிப்படை மெட்டமைப்பைப் பற்றிக்கொண்டு அந்தந்த நேரத்துக் கற்பனையில் இசையை வளர்த்துச் செல்வது ஜாஸின் இயல்பு. காதையும் கையையுமே நம்பி வளர்ந்த ஜாங்கோவுக்கு அது தம் சொந்த மொழியாகவே தோன்றியது.

1934 ஆம் ஆண்டில் பாரிஸின் கிளாரிட்ஜ் விடுதியில் நடனநிகழ்ச்சிகளுக்கு வாசித்த குழுவொன்றில் ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் இருந்தனர். இடைவேளைகளில் மேடைக்குப் பின்னால் இருவரும் விருப்பம்போல் சேர்ந்து வாசித்து மகிழ்ந்தனர். அந்த ஓய்வுநேர வாசிப்பே அவ்வாண்டின் இறுதியில் ஒரு புதிய குழுவாக மலர்ந்தது. பிரான்சு ஹாட் கிளப்பின் ஐவர் குழு என்பது அதன் பெயர். ஒரு வயலின், மூன்று கிதார்கள், ஒரு டபுள் பாஸ் என ஐந்தும் தந்திக்கருவிகள். ஜாஸ் இசைக்கு இன்றியமையாதன எனக் கருதப்பட்ட முரசும் ஊதுகருவிகளும் அக்குழுவில் இல்லை. தாளத்தைக் கிதார்களே தாங்கின. தம்பி ஜோசப்பும் அவற்றுள் ஒன்றை வாசித்தார்.

அதுவரை ஜாஸ் குழுக்களில் கிதார் பெரும்பாலும் தாளத்துக்குத் துணைநிற்கும் கருவியாகவே இருந்தது. ஜாங்கோ அதனை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசைக்கு ஐரோப்பா தன் சொந்தக் குரலில் அளித்த முதன்மையான மறுமொழியாக அக்குழுவின் இசைத்தட்டுகள் மதிக்கப்பட்டன.

போரின் நிழலில்

1939 ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது குழுவினர் இங்கிலாந்தில் இருந்தனர். ஜாங்கோ பாரிஸுக்குத் திரும்பினார். கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட்டார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஜெர்மானியப் படையின் வசமாயிற்று. நாஜிகள் யூதர்களோடு ரோமா மக்களையும் வேட்டையாடினர். இனத்தின் பெயரால் அம்மக்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டனர்.

ஜாங்கோவின் புகழ் அவருக்கு ஓரளவு காவலாக அமைந்தது. எனினும் அது எந்நேரமும் விலகிவிடக்கூடிய காவல். 1943 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச்செல்ல அவர் செய்த முயற்சிகள் நிறைவேறவில்லை. அச்சம் சூழ்ந்த அக்காலத்திலும் அவர் இசையை நிறுத்தவில்லை. வயலினுக்கு மாற்றாகக் கிளாரினெட்டைச் சேர்த்துக் குழுவைத் திருத்தியமைத்தார். 'மேகங்கள்' என்னும் பொருளுடைய 'நுவாழ்' என்ற அவருடைய இசைப்படைப்பு 1940 ஆம் ஆண்டில் பதிவாகி, துயருற்ற பாரிஸ் மக்களின் உள்ளத்தில் இடம்பெற்றது. இசைக்குறியீடு அறியாத அவர், தம் படைப்புகளை வாசித்துக் காட்ட, அறிந்தவர்கள் அவற்றை எழுதிவைத்தனர்.

புகழும் நிறைவும்

போர் முடிந்தபின் 1946 ஆம் ஆண்டில் டியூக் எலிங்டனின் குழுவோடு அமெரிக்காவில் பயணம் செய்து வாசித்தார். நியூயார்க்கின் கார்னகி அரங்கிலும் அவர் இசை ஒலித்தது. அங்கு ஒருநாள் நிகழ்ச்சிக்குக் காலங்கடந்தே வந்துசேர்ந்தார். நேரந்தவறுவதும், ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியை மறந்துவிடுவதும், ஈட்டிய பொருளைச் சூதில் இழப்பதும் அவரிடம் காணப்பட்ட குறைகள். அன்றாட வாழ்வில் ஒழுங்கைப் பேணாத அவர், கருவியைக் கையில் எடுத்தபின் அதற்குரிய உழைப்பில் குறைவைத்ததில்லை. நாற்பதாம் வயதை எட்டியபோதும் புதிதாகத் தோன்றிய பீபாப் வகை ஜாஸைக் கேட்டு, மின்கிதாரை ஏந்தித் தம் வாசிப்பைப் புதுப்பித்துக்கொண்டார்.

1951 ஆம் ஆண்டில் சேன் ஆற்றங்கரையில் உள்ள சாமுவா என்னும் ஊரில் குடியேறினார். மீன்பிடித்தும் ஓவியம் தீட்டியும் அமைதியாக வாழ்ந்தார். 1953 ஆம் ஆண்டு மே 16 ஆம் நாள், மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவால் தம் நாற்பத்து மூன்றாம் வயதில் காலமானார். அவர் பெயரால் இசைவிழா நடத்தப்படுகிறது.

கை கண்ட வழி

ஜாங்கோவின் மறைவுக்குப் பின், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஓர் இளம் தொழிலாளிக்கு ஆலை இயந்திரத்தில் சிக்கி இரு விரல்களின் நுனிகள் துண்டாயின. கிதார் வாசிப்பதைக் கைவிட எண்ணியிருந்த அவருக்கு, ஆலை மேற்பார்வையாளர் ஜாங்கோவின் இசைத்தட்டை ஒலிக்கச் செய்து, அதை வாசித்தவரின் கதையைக் கூறினார். அவ்விளைஞர் பின்னாளில் பிளாக் சபத் குழுவின் கிதார் கலைஞராகப் புகழ்பெற்ற டோனி ஐயோமி. கேட்ட கதை அவருக்கு ஊக்கத்தை மட்டுமே தந்தது. விரல்நுனிகளுக்கு உறை செய்து மாட்டி மறுபடி பழகும் உழைப்பை அவரே மேற்கொள்ள வேண்டியிருந்தது.

இன்று ஜாங்கோவின் ஒவ்வொரு விரலசைவையும் விளக்கும் காணொலிகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. சில நாள்களில் கிதார் கற்றுத்தருவதாகச் சொல்லும் பாடங்களும் உள்ளன. விரலை எங்கே வைப்பது என்பதை அவற்றிலிருந்து அறியலாம். அங்கே வைத்த விரல் தானாகவே அவ்விடத்தை அடையும்வரை பழகுவது கற்பவரின் பொறுப்பாகவே இருக்கிறது. நான்கு விரல்களும் நலமாக உள்ள கலைஞர்கள் பலர், இரு விரல்களால் அவர் வாசித்த இசையை எட்டிப்பிடிக்க இன்றும் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்துவருகின்றனர்.