தூசியை எண்ணிய அறிஞர் ஜான் எய்ட்கன்

விண்மீன்களை எண்ணினாரை நாம் அறிவோம். கண்ணுக்குப் புலனாகாத தூசியை எண்ணிப் புகழ் பெற்றார் ஒருவர் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜான் எய்ட்கன் ஸ்காட்லாந்து நாட்டிலுள்ள பால்கர்க் என்னும் ஊரில் 1839-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ஆம் நாள் பிறந்தார். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் பயின்று, கப்பற்பொறித் தொழிலிற் புகுந்தார். தேகநலம் குன்றவே அத்தொழிலைத் துறக்க நேர்ந்தது. வேறொருவராயின் மனமுடைந்திருப்பர், இவரோ தம் இல்லத்தையே ஆராய்ச்சிசாலையாக்கிக் கொண்டார். ஆசிரியப் பதவி எதனையும் இவர் வகித்தாரல்லர்.

1880-ஆம் ஆண்டு இவர் வெளியிட்ட பரிசோதனை மிக எளியது. இரு கண்ணாடிக் கலங்களுள் ஒன்றிற் சாதாரணக் காற்றையும், மற்றொன்றிற் பஞ்சினால் வடிகட்டிய காற்றையும் நிரப்பி, இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முன்னதில் வெண்மையான மூடுபனி எழுந்தது. பின்னது தெளிந்தே நின்றது. நீராவி துளியாகத் திரள்வதற்குத் தூசி பற்றுக்கோடு என்பது இதனால் விளங்கிற்று. மேகமும் மழையும் இச்சிறு தூசிக்குக் கடன்பட்டவை.

பின்னர்த் தூசியை எண்ணும் கருவியொன்றை அமைத்தார். அளந்தெடுத்த ஈரக்காற்றை விரியச் செய்தால் அது குளிரும்; துகள்தோறும் ஒரு நீர்த்துளி படிந்து, கட்டமிட்ட தகட்டின்மேல் விழும்; அத்துளிகளை உருப்பெருக்கியால் எண்ணுதலே முறை. அக்கருவியுடன் மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் நகரங்களுக்கும் சென்றார். நகரக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு லட்சத்திற்கு மேற்பட்ட துகள்களும் இருந்ததுண்டு. தூய காற்றிற் சில நூறே. கிங்ஏர்லாக் என்னும் மேற்குக் கரையூரில், மக்கள் நெருங்கி வாழும் திசையினின்று காற்று வீசின் தொகை பெருகிற்று; வடமேற்கினின்று வீசின் சுருங்கிற்று. ஓரூரின் புகை சேய்மையிலுள்ள ஊரின் காற்றையும் மாசுபடுத்தும் என்பது இங்ஙனம் எண்ணிக்கையால் நிறுவப்பட்டது.

நிலக்கரியைப் புகையெழாது எரித்தால் நகரத்து மூடுபனி ஒழியும் எனக் கருதுவார்க்கு இவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். கரும்புகை நீங்கினும் எரிதலாற் பிறக்கும் நுண்துகள் நீங்காது; மூடுபனி வெளுக்குமேயன்றி ஒழியாது என்பதே அது.

இவர் 1889-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சங்கத்தின் அங்கத்தினராயினார்; 1917-ஆம் ஆண்டு அச்சங்கத்தின் ராயல் பதக்கம் பெற்றார்; 1919-ஆம் ஆண்டு காலமானார்.

ஒரு மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஒரு கூறினும் சிறிய துகள்கள் இன்றும் இவர் பெயரால் வழங்குகின்றன. துகள்களைப் பருமன்வாரியாகப் பகுத்து, மண்தூசியும் கடலுப்பும் பெரும்பாலும் பெரியன, புத்தெரிபுகை மிகச் சிறியது என அவற்றின் பிறப்பிடத்தைத் துருவும் இக்கால ஆராய்ச்சி, இவர் இட்ட அடிப்படையின்மேல் எழுந்ததாகும். தெளிந்து தோன்றும் காற்றைத் தூயதெனக் கொள்ளுமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே இவர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம்.