அக்விட்டேன் கோமகள் எலினோர்

12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தென்மேற்கில், பிரனீசு மலையடிவாரம் வரை பரந்து கிடந்தது அக்விட்டேன். பிரெஞ்சு மன்னரின் நேரடி ஆட்சியில் இருந்த நிலப்பரப்பைவிட அது பெரியது. அதனை ஆண்ட கோமகன் பத்தாம் வில்லியத்தின் மூத்த மகள் எலினோர். அவருடைய பாட்டனார் ஒன்பதாம் வில்லியம், மக்கள் மொழியில் காதற்பாடல்கள் இயற்றிய கவிஞர். கலையும் கல்வியும் செழித்த அவையிலே எலினோர் வளர்ந்தார்.

1137இல் தந்தை புனிதப் பயணத்தின்போது இறந்தார். உடன்பிறந்த ஆண்மகன் முன்னரே மறைந்துவிட்டமையால், நாடு முழுவதும் எலினோருக்கு உரியதாயிற்று. அவரை மணப்பவர் அந்நாட்டையும் அடைவார் என்பதால், மன்னர் ஆறாம் லூயி தம் மகனுக்கே அவரை மணமுடித்தார். சில நாள்களில் மன்னர் இறக்க, பதினைந்து அகவையளவில் எலினோர் பிரான்சின் அரசியானார்.

1147இல் கணவர் ஏழாம் லூயியுடன் இரண்டாம் சிலுவைப்போருக்குச் சென்றார். அப்பயணத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமை முற்றியது. பிறந்தவை இரண்டும் பெண்மகவுகள். ஆண் வாரிசு இல்லை. 1152இல், நெருங்கிய உறவினர் என்னும் காரணங்காட்டி அத்திருமணம் நீக்கப்பட்டது. நாடு எலினோரிடம் மீண்டது. மகள்களோ தந்தையிடமே தங்கினர். இரண்டே திங்களில் அவர் ஆஞ்சு நாட்டின் ஹென்றியை மணந்தார். 1154இல் ஹென்றி இங்கிலாந்தின் மன்னரானார். ஐந்து ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் பிறந்தனர்.

மைந்தர்க்குப் பட்டங்களைச் சூட்டிய ஹென்றி, அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கவில்லை. 1173இல் மைந்தர் மூவர் கிளர்ந்தெழுந்தனர்; எலினோர் அவர்கள் பக்கம் நின்றார். கிளர்ச்சி தோற்றது. ஆணுடை தரித்துத் தப்பிச் செல்கையில் அவர் பிடிபட்டார் என்று அக்காலக் குறிப்பொன்று கூறுகிறது. மைந்தரை மன்னித்த ஹென்றி, மனைவியை ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் காவலில் வைத்தார்.

1189இல் ஹென்றி மறைந்ததும், மகன் ரிச்சர்டு அன்னையை விடுவித்தார். விடுதலை பெற்ற எலினோர் பழிதீர்க்க முனையவில்லை. இங்கிலாந்தின் ஊர்தோறும் சென்று, சிறையில் வாடியோரை விடுவிக்க ஆணையிட்டார். அடைபட்டுக் கிடப்பதன் துயரத்தைத் தாமே பட்டறிந்தவர் அல்லரோ!

சிலுவைப்போரிலிருந்து திரும்பிய ரிச்சர்டு 1192இல் சிறைபிடிக்கப்பட்டார். 1,50,000 வெள்ளி மார்க்குகள் மீட்புத்தொகையாகக் கேட்கப்பட்டன. மக்கள் தம் வருவாயில் நான்கிலொரு பங்கை ஈந்தனர். கோயில்களின் பொன், வெள்ளிக் கலங்களும் திரட்டப்பட்டன. எழுபது அகவையைக் கடந்த எலினோர், தாமே செருமனிக்குச் சென்று 1194இல் மகனை மீட்டார். நாட்டின் செல்வத்தைக் கரைத்த அம்மீட்பில், அரசகுடும்பத்தின் சுமையைக் குடிமக்களும் சுமந்தனர்.

1200இல், எண்பதை நெருங்கும் அகவையில், பிரனீசு மலையைக் கடந்து காசுடில் நாட்டை அடைந்தார். அங்கிருந்து மகள்வழிப் பெயர்த்தி பிளாஞ்சை அழைத்துவந்து, பிரெஞ்சு இளவரசருக்கு மணமுடிக்க வழிவகுத்தார். பகைகொண்ட இரு நாடுகளிடையே அமைதியை நிலைநாட்டவே அம்மணம் முடிக்கப்பட்டது. பின்னாளில் பிளாஞ்சு, தம் இளம் மகனுக்காகப் பிரான்சை ஆண்டார்.

1204இல் எலினோர் மறைந்தபோது, அவர் ஈன்ற பத்து மக்களுள் இருவரே உயிரோடிருந்தனர். ஃபோன்தெவ்ரோ மடத்தில், கணவர் ஹென்றிக்கும் மகன் ரிச்சர்டுக்கும் அருகே அவரது கல்லுருவம் கிடக்கிறது. அவர்கள் கண்மூடித் துயில, எலினோரின் கைகளிலோ நூலொன்று விரிந்திருக்கிறது. நிலத்திற்காக இருமுறை மணம் பேசப்பட்ட பெண்ணை, அறிவால் வாழ்ந்தவராக அக்கல் இன்றும் காட்டிநிற்கிறது.