மூளை ஒரே வலையா, தனித்தனி செல்களா? விடை கண்ட கஹால் யார்?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஆனா 140 வருஷத்துக்கு முன்னாடி, மூளையில் தனித்தனி செல்கள் இருக்கா, இல்ல எல்லாமே ஒட்டிக்கிடக்கும் ஒரே வலையா என்பதே பெரிய சர்ச்சை. நினைவும் யோசனையும் எப்படி நடக்கிறது என்று ஆராய, முதலில் இதற்கு விடை தெரிந்தாக வேண்டும். அந்த விடையைக் கண்டவர் ஸ்பெயினைச் சேர்ந்த சாண்டியாகோ ரமோன் இ கஹால்.

அடங்காத பையன்

1852-ல் பெட்டியா டி அரகோன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா மருத்துவர். பையனுக்கோ படம் வரைவதில்தான் ஆசை. அப்பாவுக்கு அது சுத்தமா பிடிக்கல. படிப்பில் அடங்காத மகனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். கடைசியில், கல்லறைத் தோட்டத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார். எலும்பை வரைய ஆரம்பித்த பையன், அப்படியே மருத்துவப் படிப்புக்குள் வந்துவிட்டார்.

1873-ல் மருத்துவரானவர், ராணுவ மருத்துவராக கியூபா போனார். அங்கே மலேரியா தாக்க, உடல் நொடிந்து 1875-ல் நாடு திரும்பினார்.

முனைவர் பட்டம் மூளைக்காக அல்ல

1877-ல் மாட்ரிட்டில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு உடலில் ஏற்படும் அழற்சி பற்றியது. ஆனால் அந்தப் பயணத்தில்தான் நுண்ணோக்கி வழியாகத் திசுக்களைப் பார்த்து அசந்துபோனார். ராணுவச் சம்பளத்தில் சேமித்த பணத்தில் ஒரு நுண்ணோக்கி வாங்கி, வீட்டிலேயே ஆய்வைத் தொடங்கினார்.

மூளைப் பக்கம் திரும்பியது 10 வருஷம் கழித்து. 1887-ல் மாட்ரிட்டில், மருத்துவர் லூயிஸ் சிமாரோ சாயமேற்றிய மூளைத் திசுவைக் காட்டினார். அது 1873-ல் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி கண்டுபிடித்த முறை. பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்த திசுவை வெள்ளி நைட்ரேட்டில் போட்டால், சில செல்கள் மட்டும் முழுசா கறுப்பாகும். எல்லாமே கறுத்தால் ஒன்றும் புரியாது. சிலது மட்டும் கறுப்பதால்தான் ஒவ்வொரு கிளையும் தனியாகத் தெரியும்.

என்ன மாற்றினார்?

வளர்ந்த மூளையில் நரம்பிழைகளைச் சுற்றி ஓர் உறை இருக்கும். சாயம் சரியாக ஏறாது. அதனால் கஹால், உறை உருவாகாத பறவைக் கருக்களையும் இளம் விலங்குகளையும் எடுத்துக்கொண்டார். சாயத்தையும் இரண்டு முறை ஏற்றினார். பார்த்ததைக் கையால் வரைந்தார். அப்பா தடுத்த அதே ஓவியம்தான் இங்கே கைகொடுத்தது.

இழைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, ஆனால் ஒட்டவில்லை என்பது அவர் கண்ட உண்மை. 1888-ல் இதை வெளியிட, சொந்தக் காசிலேயே ஓர் ஆய்விதழ் தொடங்கினார். ஸ்பானிய மொழியில் வந்ததை வெளியே பெரிதாக யாரும் படிக்கல. அதனால் 1889-ல் பெர்லின் மாநாட்டுக்கே கண்ணாடித் தகடுகளோடு போனார். அப்போது புகழின் உச்சியில் இருந்த கொலிக்கர், அவற்றைப் பார்த்து அவர் பக்கம் வந்தார். 1891-ல் ஜெர்மனியின் வால்டயர் இந்தச் செல்லுக்கு 'நியூரான்' என்று பெயர் வைத்தார்.

கஹால் மனித மூளையின் மேலுறையையும் ஆராய்ந்தார். பயிற்சியால் செல்களின் இணைப்புகள் வளரக்கூடும் என்று 1894-ல் லண்டன் உரையில் கருத்து முன்வைத்தார்.

ஒரே மேடை, எதிரெதிர் கருத்து

1906-ல் மருத்துவ நோபல் கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்தே கிடைத்தது. ஆனால் கோல்ஜி கடைசிவரை வலைக் கொள்கையை விடல. நோபல் உரையிலேயே நியூரான் கொள்கையை எதிர்த்தார். சாயம் ஒன்றுதான், இருவரும் அதில் கண்டது வேறு.

கோல்ஜி 1926-லும் கஹால் 1934-லும் மறைந்தார்கள். தீர்ப்பு வந்தது 1950-களில்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டு செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரிந்தது. ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்காக்கினால் ஒரு பங்கு, அவ்வளவுதான் அதன் அகலம். சில செல்கள் நேரடியாக இணைந்திருப்பதும் பின்னர் தெரியவந்தது. ஆனாலும் மூளை தனித்தனி செல்களால் ஆனது என்பது மாறல. நினைவாற்றல், கற்றல், அல்சைமர் பற்றிய இன்றைய ஆய்வுகள் அந்தக் குட்டி இடைவெளியில் நடப்பதைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன.